இரண்டே வகை ஸ்டென்ட்

உடன்குடி கருப்பட்டி வியாபாரி அண்ணாச்சி ஒருவருக்கு 2017 மார்ச்சில் நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார்கள். பில்லில் ஸ்டென்டுக்கு, அதாவது அடைப்பு நீக்கிய ரத்தக்குழாயில் வைக்கும் சிறு குழலுக்கு, மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் பிப்ரவரி 13-ஆம் தேதியே தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலை அறிவித்திருந்தது: வெறும் உலோக ஸ்டென்ட் ரூ.7,260, மருந்து பூசியது ரூ.29,600; வரி தனி.

"இது புதுத் தலைமுறையாம், அந்த விலை இதுக்குக் கிடையாதுன்னு சொல்லுதாவளே, வக்கீல் சார்?"

எங்கள் நோட்டீசுக்கு வந்த பதிலிலும் இதே வாதம்தான். சட்டம் நிர்ணயித்த விலைக்கு மேல் வாங்கினால் அப்போது அமலில் இருந்த 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படியே புகார் செய்ய முடிந்தது, அதில் சிக்கலில்லை. ஆனால் ஸ்டென்டின் தரத்தை நுகர்வோர் மன்றத்தில் எப்படி எடைபோடுவது? இதய மருத்துவர் ஒருவரைச் சாட்சிக்கு அழைத்தால் அவர்கள் இருவரைக் கொண்டுவருவார்கள்.

அந்தச் சண்டை ஏற்கெனவே டெல்லியில் நடந்து முடிந்திருந்தது. பீரேந்தர் சங்வான் என்ற வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கால் அரசு அசைந்தது. நிபுணர் குழு கூடியது. 2016 ஜூலையில் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. உயர்ரகத்துக்குத் தனிப்பிரிவு வேண்டுமென்று கம்பெனிகள் கேட்டன. அதற்கேற்ற மருத்துவச் சான்று போதாதென்று இரண்டே வகை வைத்தார்கள். உடலில் கரையும் ஸ்டென்டும் மருந்து பூசியதோடு சேர்ந்தது. விலை போடும் முன் உற்பத்தியாளர், மருத்துவமனை, நோயாளிகளுக்காகப் பேசும் அமைப்புகள் எல்லாரையும் ஆணையம் கேட்டது. மருத்துவமனை லாபம் 654 சதவீதம் வரை போனதாக ஆணையமே வெளியிட்டது.

டென்மார்க்கில் இப்படிப்பட்ட தொழில்நுட்பக் கேள்விகளில் 1987 முதல் சாதாரண குடிமக்களே குழுவாக உட்கார்ந்து நிபுணர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டார்கள். நம் ஆணையத்தின் கூட்டத்தில் அண்ணாச்சி மாதிரி ஆளுக்கு நாற்காலி கிடையாது. அது எனக்குக் குறைதான். ஆனாலும் என்ன பேசி எதைத் தள்ளினார்கள் என்பது காகிதத்தில் இருந்தது. வக்கீலுக்கு அது போதும்.

விலை உத்தரவை மன்றத்தில் நீட்டினேன். தலைவர் வகைப் பட்டியலைப் படித்துவிட்டு எதிர்த்தரப்பைப் பார்த்து, "இதில் மூன்றாவது வகை எங்கே?" என்றார். அடுத்த வாய்தாவுக்குள் வித்தியாசத் தொகை காசோலையாக வந்தது.

அண்ணாச்சிக்கு முழுத் திருப்தி இல்லை. அறை வாடகை, கேத் லேப், பலூன் என்று பில்லின் மற்ற வரிகளைக் காட்டி, "இதுக்கெல்லாம்?" என்றார். அவற்றுக்கு அந்த உத்தரவில் உச்சவிலை இல்லை என்றேன்.