கரைக்கு வராத கணக்கு

அஷ்டமுடிக் காயல் கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் ஒரு கரையில் நீண்டகரை, எதிர்க்கரையில் சக்திகுளங்கரை. கொல்லத்தை ஒட்டிய இந்த இரட்டைத் துறைமுகத்தில் பொழுது விடிவதே ஏலக் கூச்சலில்தான். 1953இல் இந்திய-நார்வே திட்டம் இங்கே காலூன்றிய பிறகு வளர்ந்தவை இந்த விசைப்படகுகள். இன்றும் கரிக்கடி இறால் கூடை இறங்கிய வேகத்தில் விலைபோகிறது.

கூட்டத்தில் எதையும் வாங்காமல் ஒருவர் மட்டும் நோட்டுடன் நிற்கிறார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கெடுப்பாளர். (1947இல் தொடங்கி, நம் மண்டபத்தில் இருந்த தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போன நிலையம்.) வரும் படகுகளில் சிலவற்றைத் தேர்ந்து எந்த மீன் எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம் வலை இழுத்தார்கள் என்று குறித்துக்கொள்கிறார். அந்தச் சில படகுகளை வைத்தே மொத்தப் பிடிப்பும் மதிப்பிடப்படுகிறது.

ஆனால் கடலின் அடித்தரையை வாரும் மடிக்கு இறாலை மட்டும் பொறுக்கத் தெரியாது. வெப்பக் கடலில் எண்ணற்ற இனங்கள் ஒன்றாகக் கலந்து வாழ்கின்றன. குட்டிக் கிளிமீன், நண்டு, நாக்குமீன், கணவாய்க் குஞ்சு, சில சமயம் கடல்பாம்பு என்று எல்லாம் ஏறுகின்றன. விலைபோகாதது படகிலிருந்தே கடலுக்குத் திரும்புகிறது, பெரும்பாலும் பிணமாக.

"கரையில இருக்கத எண்ணுறாரு. நாங்க கடல்ல கொட்டுனத யாரு சார் எண்ணுவா?" என்று சிரிக்கிறார் குளச்சலிலிருந்து வந்து இங்கே படகோட்டும் ஸ்ராங்கு. அதற்கும் ஒரு வழி உண்டு. ஆய்வாளர்களுக்கு உதவும் சில படகுகள், பிரிக்காத பிடிப்பில் ஒரு பெட்டியை ஐஸ் போட்டுக் கொண்டுவந்து தருகின்றன. ஸ்ராங்கும் இன்று ஒன்று கொண்டுவந்திருக்கிறார்.

அறிக்கைகளை மொழிபெயர்க்கும்போது நான் இதைத் 'துணைப்பிடிப்பு' என்று எழுதியிருக்கிறேன். நம் கரைகளில் இதன் பெயர் சங்காயம். இரண்டாவது சொல்லில்தான் நாற்றம் இருக்கிறது. இப்போது காசும் இருக்கிறது. மீன்தூள் ஆலைகள் விலை கொடுப்பதால், முன்பு கொட்டியதில் பெரும்பங்கு கரைக்கு வருகிறது. வீசுவது குறைந்தது என்று ஏடு காட்டினால் அது மெய்தான். குஞ்சுகள் சாவது குறைந்தது என்று அதற்குப் பொருளில்லை.

1988 முதல் கேரளத்தில் மழைக்கால இழுவலைத் தடை உண்டு. 2015இல் 14 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவும் விதித்தார்கள்: அயிலைக்கு 14 செ.மீ., கிளிமீனுக்கு 12. வலையின் வால்பகுதியில் சதுரக் கண் வைத்தால் குஞ்சுகள் தப்பும். சாய்சதுரக் கண் இழுக்க இழுக்க மூடிக்கொள்ளும். ஸ்ராங்குக்கும் இது தெரியும். "நான் விட்டா அடுத்த படகு அள்ளும்" என்கிறார், டீசல் செலவைக் கணக்குப் போட்டபடி.

ஐஸ் பெட்டி திறக்கப்படுகிறது. கணக்கெடுப்பாளர் ஒரு கிளிமீனை அளவுகோலின் மேல் நீட்டிப் படுக்க வைக்கிறார். எட்டு செ.மீ. எழுதிக்கொண்டு அடுத்ததை எடுக்கிறார். பெட்டியில் இன்னும் நிறைய இருக்கிறது.