செவ்வரத்தைச் சாயத்தில் மின்சாரம்

யாழ்ப்பாணம் போகும் வழியில் ஆனையிறவைத் தாண்டிப் பளையை நெருங்கும்போது கடலேரிப் பக்கம் காற்றாலைகள் தெரிகின்றன. 2014-ல் புலோப்பளையிலும் வல்லிமுனையிலும் எழுந்த இரண்டு பண்ணைகள் அவை. ஆரல்வாய்மொழிக் காற்றில் வளர்ந்த எனக்குக் காற்றாலை புதிதல்ல. ஆனால் போரில் தலை போன பனைகளுக்குப் பின்னால் அவை சுழல்வதைக் கண்டபோது வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது திருநெல்வேலியில். நம்மூர் அல்ல, குடாநாட்டுத் திருநெல்வேலி. இங்குள்ள பௌதிகவியல் துறை, நார்வேயின் பேர்கன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கைகோத்துத் தூய ஆற்றல் ஆய்வில் மாணவர்களைப் பழக்குகிறது. நான் பார்க்க விரும்பியது அந்த மாணவர்களைத்தான்.

"இஞ்ச பாருங்கோ அக்கா, இது செவ்வரத்தம்பூச் சாயம்" என்று ஒரு மாணவி சின்னக் கண்ணாடித் துண்டை நீட்டினாள். நாம் செம்பருத்தி என்போமே, அதே பூ. மின்சாரம் கடத்தும் கண்ணாடியில் டைட்டானியம் டை ஆக்சைடு பசையைத் தடவி, 450 டிகிரி வரை சுட்டு, பூச்சாற்றில் ஊறவைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பூச்சு ஊதாவாக மாறியிருந்தது. கரி பூசிய இன்னொரு கண்ணாடியை அதன்மேல் கவிழ்த்து, இடையில் ஒரு சொட்டு அயோடின் கரைசல். வெயிலில் பிடித்ததும் மீட்டரின் எண்கள் ஏறி, அரை வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே நின்றன. சாயம் ஒளியை வாங்கி எலெக்ட்ரானை விடுகிறது; இழந்ததை அயோடின் திருப்பித் தருகிறது. 1991-ல் ஓ'ரீகனும் கிரேட்சலும் சுவிட்சர்லாந்தில் காட்டிய வழி இது. இப்படிப்பட்ட பூச்சாயச் சூரியக் கலத்தின் திறன் ஒரு விழுக்காட்டை எட்டினாலே பெரிது. கூரையில் ஏறும் சிலிக்கன் தகடுகள் 20-ஐத் தாண்டிவிட்டன. இருந்தும், வெயில் மின்சாரமாகும் வித்தையைத் தன் கையால் செய்து பார்த்தவளுக்கு அது இனி மறக்காது.

சிக்கனத்தை இவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. 1990-ல் போர் மறுபடி மூண்டு மின்சாரம் நின்றபின், இவர்களுடைய பெற்றோர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். அடியில் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சு, அதில் ஒரு நூல் திரி; போத்தலே சிம்னி. சில கரண்டி எண்ணெயில் ஓர் இரவுப் படிப்பு முடியும். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சில சொட்டுப் பெட்ரோலில் உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குடாநாடு தேசிய மின்வலையோடு மறுபடி சேர்ந்தது 2013-ல்தான். 2022 நெருக்கடியில் நாடே நாளுக்குப் பல மணி நேரம் இருண்டபோது, பழைய கதைகளெல்லாம் வீட்டுக்குள் திரும்பி வந்தனவாம்.

எண்ணெய் மின்சாரத்தின் விலையும் இங்கே கண்முன் இருக்கிறது. வற்றாத ஆறு இல்லாத இந்தச் சுண்ணாம்புக்கல் மண்ணில் குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் கிணற்றுநீர்தான். சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்து எண்ணெய்க் கழிவு அந்தக் கிணறுகளில் கலந்தது. 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கெட்ட கிணற்றுக்கு எந்தத் தொகை ஈடாகும்?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே, டீசலை நம்பி இருப்பவை. அங்கே சூரியத்தகடு, காற்றாலை, பாட்டரி எல்லாம் சேர்ந்த கலப்பு மின்நிலையங்கள் அமைக்க இந்திய மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. மதியம் முழுக்க மாணவர்களின் வாதம் அதைச் சுற்றியே. உப்புக்காற்று தகட்டின் சட்டத்தை எப்படி அரிக்கும், காற்று ஓய்ந்த இரவைப் பாட்டரி தாங்குமா, மீனவர்களுக்கு ஐஸ் அடிக்கும் வேலையைப் பகல் வெயிலுக்கு மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும். அந்த மாணவி முடிவே செய்துவிட்டாள்: "படிச்சு முடிய நான் நெடுந்தீவுக்குத்தான் போகப்போறன் அக்கா. மெஷினைப் பூட்டிப்போட்டு அவை போயிடுவினம். பிறகு பழுது பாக்க ஊராக்கள் வேணும்தானே?"