எங்க வீட்டு சிவப்பு ஃபைல்



வழக்கமா இங்க அன்னதான விவரமும் உபயதாரர் பேரும்தான் எழுதுவோம். இன்னிக்கு எங்க வீட்டுக் கதையை எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூசை முடிஞ்சு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்துட்டுக் கிளம்புற நேரம். ஒரு தங்கச்சி மட்டும் போகாம தூண் ஓரமா உட்கார்ந்திருந்தாங்க. என்னம்மான்னு கேட்டதும் கண்ணு கலங்கிடுச்சு. "அக்கா, அவருக்கு வேலை போயிடுச்சு. ஃபேக்டரியில ஆள் குறைச்சுட்டாங்க. நாப்பது நாள் ஆச்சு. இன்னும் எங்க அம்மாவுக்குக்கூட சொல்லல."

"சொக்சோவுல எழுதிக் கொடுத்தீங்களாம்மா?"

"சொக்சோ அடிபட்டாதானேக்கா கொடுப்பாங்க?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. ஏன்னா அஞ்சாறு வருசத்துக்கு முன்னால நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கோயில்ல ஊருக்கே சோறு போட்டோம். எங்க வீட்டுல எந்தக் கடுதாசி எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கின நாள். பிறையில நாங்க வேலை செய்யிற ஃபேக்டரி முழுசா மூடல, ஆனா ஓ.டி. அடியோட நின்னுடுச்சு. சூப்பர்வைசர்னு பேருதான் பெருசு, வீடு ஓடினது ஓ.டி. காசுலதான். எங்க வீட்டுக்காரர் லோரி ஓட்டுறவர். நடைக்கு இவ்வளவுன்னு சம்பளம். நடை இல்லன்னா சம்பளமும் இல்ல. அன்னிக்கு ரெண்டு பேர் பேங்கையும் சேர்த்துப் பார்த்தா 340 வெள்ளி. அவ்வளவுதான். இருபத்தஞ்சு வருசம் வேலை செஞ்ச வீடு.

அந்த நேரம் கோயில் நடை சாத்தியிருந்தாலும், அனுமதி வாங்கிக்கிட்டு நாங்க தொண்டர்கள் சில பேர் மண்டபத்துல சாமான் பை கட்டினோம். அஞ்சு கிலோ அரிசி, எண்ணெய், பருப்பு, சீனி, மைலோ. ஒரு நாள் பை கட்டி முடிச்சு எல்லாரும் கை கழுவுறப்ப, மடப்பள்ளியில ரொம்ப வருசமா தொண்டு செய்யிற ஒரு பெரியம்மா எங்க பக்கத்துல வந்தாங்க. "கண்ணு, இது ஒன்னு கணக்குல மிச்சம் ஆயிடுச்சு. திரும்ப அடுக்க என்னால முடியல, நீயே எடுத்துட்டுப் போ."

மிச்சம் எல்லாம் இல்ல. பட்டியலை எழுதினதே நாங்கதான். எத்தனை பை, எத்தனை வீடுன்னு எங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு இன்னிக்கு வரைக்கும் கேட்கல. காடியில ஏறினதும் வீட்டுக்காரர் பையைப் பார்த்தாரு. வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல.

அப்புறம் ஆறு மாசத்துக்கு பேங்க் கடன் கட்டுறதை ஒத்திவெச்சாங்க. இ.பி.எஃப்.ல இ-லெஸ்தாரி வழியா மாசம் 500 வெள்ளி வரைக்கும் எடுக்க விட்டாங்க. நாங்களும் எடுத்தோம். வயசான காலத்துக்கு வெச்சிருந்த காசுல அன்னிக்கு சோறு தின்னோம். தப்புன்னு சொல்ல வரல, வேற வழி இல்ல. ஆனா அந்தக் காசு திரும்பி வராது.

இது பணக் கதை. இதைவிடப் பெரிய அடி அடுத்த வருசம் விழுந்துச்சு.

வீட்டுக்காரருக்கு ரொம்ப நாளா இனிப்பு நீர். கிளினிக் கெசிஹாத்தான்ல ஒரு வெள்ளிதான், மருந்தெல்லாம் கொடுப்பாங்க. ஆனா அங்க போனா அரை நாள் போயிடும், ஒரு நடை போயிடும். கொரோனா பயம் வேற. தேதியைத் தள்ளிப் போட்டாரு. ரெண்டு மாத்திரை போட வேண்டிய இடத்துல ஒன்னு போட்டு மருந்தை இழுத்தாரு. எங்ககிட்ட சொல்லல. நாங்களும் கேட்கல.

2021 கடைசியில கோயில் திரும்பத் திறந்துட்டாங்க. வெறுங்காலோட அண்டா தூக்குறதும் தண்ணி இறைக்கிறதும் அவருக்குச் சந்தோசம். எங்கயோ ஒரு கம்பித்துண்டு கால் விரலுக்கு அடியில குத்தியிருக்கு. இனிப்பு நீர் முத்தினா கால் மரத்துப் போகும், குத்தினது தெரியாது. பத்து நாள் அந்தப் புண்ணோட நடந்திருக்காரு. ஒரு ராத்திரி ரூமுல ஒரு வாடை. எலி செத்துக் கிடக்குதுன்னு நினைச்சு கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடினோம். கடைசியில அது அவர் காலு.

எமர்ஜென்சியில டாக்டரம்மா கேட்டாங்க: "என்ன மருந்து சாப்பிடுறாரு? எத்தனை மில்லிகிராம்? எந்த மருந்தாவது ஒத்துக்காதா? கடைசியா எப்ப ரத்தம் சோதிச்சீங்க?"

"ஒரு வெள்ளை மாத்திரை டாக்டர். இன்னொன்னு கொஞ்சம் நீளமா இருக்கும்."

இதுதான் நாங்க சொன்ன பதில். டாக்டரம்மா ஒன்னும் திட்டல. எழுதிக்கிட்டே இருந்த பேனாவை வெச்சிட்டாங்க. ரெண்டு நாள்ல ஒரு விரலை எடுத்துட்டாங்க. காலைக் காப்பாத்தினதே பெருசுன்னு சொன்னாங்க.

வார்டுக்கு வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்ப ஒன்னு மண்டைக்குள்ள உறைச்சது. ஃபேக்டரியில எங்க லைன்ல ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் ஒரு ஃபைல் தொங்கும். என்ன பாகம், கடைசியா எப்ப சர்வீஸ், நின்னுட்டா முதல்ல யாரைக் கூப்பிடணும், எல்லாம் அதுல இருக்கும். தினமும் காலையில அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுறது நாங்கதான். மெஷினுக்கு ஃபைல் இருக்கு. புருசனுக்கு இல்ல.

அவர் வீட்டுக்கு வந்த வாரமே கடையில ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கினோம். மூனு வெள்ளி. அதுல என்ன இருக்குன்னு சொல்றோம். உங்க வீட்டுலயும் ஒன்னு போடுங்க.

முதல் பக்கம் உடம்பு. ஆளுக்கு ஒரு தாள். பேரு, ஐசி நம்பர், ரத்த வகை, என்ன வியாதி, மருந்து பேரு, எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எது ஒத்துக்காது, அடுத்த கிளினிக் தேதி. மருந்துப் பாக்கெட்டுல ஒட்டியிருக்கிற சீட்டைக் கைப்பேசியில படம் பிடிச்சும் வெச்சிருக்கோம்.

ரெண்டாவது பக்கம் காசு. எந்த பேங்க், எந்தக் கடன், மாசம் எத்தனை, எந்தத் தேதி, என்ன இன்சூரன்ஸ். இ.பி.எஃப்.ல நாமினி யாருன்னு கட்டாயம் பாருங்க. நிறைய பேர் கல்யாணத்துக்கு முன்னால அம்மா பேரைப் போட்டதோட விட்டிருப்பாங்க. சில பேர் போட்டதே இல்ல. நாமினி இல்லன்னா, ஆள் போன துக்கத்தோட குடும்பம் ஆபீஸ் ஆபீஸா அலையணும்.

மூனாவது பக்கம் வேலை போனா என்ன செய்யணும். சொக்சோவுல 2018-ல இருந்து எஸ்.ஐ.பி.னு ஒரு காப்புறுதி இருக்கு. நம்ம சம்பளச் சீட்டுல மாசாமாசம் சின்னதா ஒரு தொகை பிடிக்கிறாங்களே, அதுதான். வேலை போய் 60 நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும். தகுதி இருந்தா முதல் மாசம் சம்பளக் கணக்குல 80 விழுக்காடு, அடுத்த மாசம் 50, அப்புறம் 40, 30னு குறைஞ்சுக்கிட்டே வரும். ஆனா நாமளா வேலையை விட்டா கிடைக்காது. அதனால "நீயே ராஜினாமா எழுதிக் கொடு, அதான் மரியாதை"ன்னு யாராவது சொன்னா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. முதல்ல சொக்சோ ஆபீசுல கேளுங்க.

இப்ப சேமிப்பு. மூனு மாசச் செலவை ஒதுக்கி வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. 340 வெள்ளியில இருந்தவங்களுக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே மலைப்பா இருக்கும். நாங்க முதல்ல 500 வெள்ளின்னு மட்டும் குறி வெச்சோம். ஓ.டி. காசு வந்தா அதுல பாதி தனிக் கணக்குக்குப் போயிடும், அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். கார்டு எடுக்கல. 500 சேர எட்டு மாசம் ஆச்சு. அப்புறம் ஒரு மாசச் செலவு. இப்ப ரெண்டு மாசத்துக்கு இருக்கு. 2024 மே மாசத்துல இருந்து இ.பி.எஃப்.ல மூனாவது கணக்கு ஒன்னு வந்திருக்கு, மாசம் போடுற காசுல 10 விழுக்காடு அதுல விழும், எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். எடுக்கலாம்னு சொன்னதும் கைப்பேசி மாத்த எடுத்தவங்களையும் பார்த்தோம். நாங்க அதைத் தொடுறதே இல்ல. அது மழைக்கு வெச்ச குடை.

நகை இருந்தா முறையான பஜாக் கடை இருக்கு. ஆலோங்கிட்ட மட்டும் போகாதீங்க. வாசல் கதவுல சிவப்பு பெயிண்ட் ஊத்தின வீட்டை நம்ம தாமான்லயே பார்த்திருக்கோம்.

அரிசி, பருப்பு, எண்ணெய் ரெண்டு வாரத்துக்குக் கூடுதலா இருக்கும். பழசை முன்னால எடுத்துட்டு புதுசைப் பின்னால வைப்போம். அதுக்கு மேல வாங்கினா வண்டுதான் சாப்பிடும்.

மருத்துவத்துக்கு வர்றோம். வீட்டுலயே பார்த்துக்கணும்னு சொன்னா, ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கிறதுன்னு சில பேர் நினைக்கிறாங்க. எங்க வீட்டுல விரல் போனதே அப்படி நினைச்சதாலதான். நேரத்தோட போறதுக்குத்தான் வீட்டுல பார்க்கணும். ரத்தக் கொதிப்பு மெஷின் ஒன்னு, சீனி பார்க்கிற மெஷின் ஒன்னு, ஜுரம் பார்க்கிற கருவி ஒன்னு. பார்த்த அளவை ஃபைல்ல எழுதணும். 2019 தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 100 பேருக்கு 18 பேர் இனிப்பு நீரோட இருந்தாங்க. நம்ம இந்தியர்கள்ல அதைவிட ரொம்ப அதிகம்.

தினமும் ராத்திரி அவர் காலை நாங்க பார்ப்போம். விரல் இடுக்கு, குதிகால், அடிப்பாதம். தனியா இருக்கிறவங்க கண்ணாடியைத் தரையில வெச்சுப் பாருங்க. சப்பாத்து போடுறதுக்கு முன்னால கவுத்துத் தட்டுங்க.

திடீர்னு வேர்த்துக் கை நடுங்கினா சீனி இறங்கியிருக்கலாம். மூனு நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கலக்கிக் கொடுங்க, 15 நிமிசம் கழிச்சு திரும்பப் பாருங்க. நினைவு இல்லாதவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க, 999 கூப்பிடுங்க.

வாய் ஒரு பக்கம் கோணினா, ஒரு கை தூக்க முடியலன்னா, பேச்சு குழறினா, உடனே 999. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதுன்னு குறிச்சு வைங்க, டாக்டர் அதைத்தான் முதல்ல கேட்பாங்க. விரல்ல ஊசி குத்தி ரத்தம் எடுக்கணும்னு வாட்ஸ்அப்ல வர்றதை நம்பி நேரத்தை விடாதீங்க.

டெங்கி சந்தேகம்னா ஜுரத்துக்குப் பெனாடோல் மட்டும். ஆஸ்பிரின், புருஃபென் வேண்டாம். ஜுரம் விட்டதும் சரியாச்சுன்னு நினைக்கிறோமே, ஆபத்தே அப்பத்தான். வயித்து வலி, ஓயாத வாந்தி, ஈறுல ரத்தம், சோர்ந்து படுத்தா அப்பவே ஆஸ்பத்திரி.

மடப்பள்ளியில சுட்டுக்கிட்டா குழாய்த் தண்ணி, 20 நிமிசம். பற்பசையும் வேண்டாம், கிச்சாப்பும் வேண்டாம்.

பாகற்காய் ஜூஸ் குடிக்கிறவங்க குடிங்க, குறை சொல்லல. அதுக்காக மாத்திரையை நிறுத்தாதீங்க. எஸ்.டி.ஆர். வாங்குறவங்க, 40 வயசு ஆயிருந்தா பெகா பி40-ல இலவசமா உடம்பைச் சோதிக்கலாம். 40 வயசு ஆன அவங்க கணவன் மனைவியும் போகலாம்.

இப்பவும் எங்க வீட்டுக்காரர் அன்னதானத்துக்கு வர்றாரு. கோயில் நிர்வாகத்துல கேட்டு, சுத்தமான காலுறை போட்டுக்கிட்டு நிக்கிறாரு. அண்டா தூக்குறதில்ல, காய் நறுக்குறாரு. முதல்ல அவருக்கே கூச்சம். இப்ப அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் காலுறையோட வர்றாங்க.

அந்தத் தங்கச்சி திங்கட்கிழமையே வேலை நிறுத்தின கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கிட்டு, வீட்டுக்காரரோட சொக்சோ ஆபீசுக்குப் போயிருக்காங்க. நேத்து செய்தி அனுப்பினாங்க: "எழுதிக் கொடுத்துட்டோம்க்கா. 43-வது நாள்." அதோட ஒரு படம். மேஜை மேல ஒரு பச்சை ஃபைல். சிவப்பு கிடைக்கலையாம்.

வர்ற ஞாயித்துக்கிழமை அன்னதானம் முடிஞ்சதும் மண்டபத்துல ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்போம். வீட்டுல இருக்கிற மருந்துப் பாக்கெட், இ.பி.எஃப். கடுதாசி, ஒரு வெறும் ஃபைல், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க. சேர்ந்து எழுதலாம். கூச்சப்படாதீங்க. மிச்சமான பையை வாங்கிட்டுப் போனவங்கதான் நாங்களும்.

எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க. தேவைப்படுற ஒருத்தருக்காவது இதைப் பகிருங்க.

அம்பாள் துணை. ஓம் சக்தி.