இறக்காமத்தில் ஒரு தோல்வியின் இரவு

கல்முனையிலிருந்து இறக்காமம் போவதென்றால் காரைதீவுச் சந்தியில் கடலை விட்டுத் திரும்ப வேண்டும். சம்மாந்துறையைத் தாண்டியதும் உப்புக்காற்று நின்று வயற்காற்று தொடங்கிவிடும். அம்பாறை நகருக்குப் போய் அங்கிருந்து மீண்டும் பஸ் ஏறினால் குளமும் வயலும் எருமை மாடுகளும் பள்ளிவாசல் மினாராக்களும் கண்ணில் படும். கரையோர ஊர்களைப் போல நெருக்கமில்லாத, விவசாயத்தை நம்பி வாழும் முஸ்லிம் ஊர் இது.

அண்மையில் பெண்களுக்கான சேமிப்புக்குழு ஒன்றின் கூட்டத்திற்காக இங்கு வந்தேன். ஆனால் எனக்கு இந்த ஊரை முதன்முதலில் காட்டியது ஒரு கிரிக்கெட் போட்டி. அதைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. நான் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். இறக்காமத்தைச் சேர்ந்த தோழி ஒருத்தி வார இறுதிக்குத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றாள். அன்று மும்பையில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையும் இந்தியாவும் மோதின. அறுவடை முடிந்த வயலில் மென்பந்து விளையாடிக்கொண்டிருந்த பையன்கள் பகலுணவோடு விளையாட்டை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சி உள்ள வீடுகளைத் தேடிப் போனார்கள்.

தோழியின் வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் அவளுமல்ல, அவளுடைய காக்காவுமல்ல. உம்மாதான். பன்பாய் இழைத்துப் பிள்ளைகளை வளர்த்த பெண். அன்றும் கையில் பாய் இருந்தது, கண் மட்டும் தொலைக்காட்சியில். மஹேல ஜயவர்தன ஆட்டமிழக்காமல் 103 ஓட்டங்கள் எடுத்தபோது இழைப்பதை நிறுத்தினார். இலங்கை 6 விக்கெட்டுக்கு 274 ஓட்டங்கள். மாலிங்க தன் இரண்டாவது பந்திலேயே சேவாக்கையும், சிறிது நேரத்தில் டெண்டுல்கரையும் வெளியேற்றினார். ஊரே சத்தம் போட்டது. அதன்பிறகு கம்பீர் 97 ஓட்டங்கள் எடுத்தார். தோனி ஆட்டமிழக்காமல் 91 ஓட்டங்கள் எடுத்து, கடைசியில் ஒரு சிக்ஸரோடு போட்டியை முடித்தார். 6 விக்கெட்டால் தோல்வி.

முத்தையா முரளிதரனுக்கு அதுவே கடைசிச் சர்வதேசப் போட்டி. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் எடுத்த மனிதர் அன்று ஒன்றும் எடுக்கவில்லை.

உம்மா அழுதார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். விளையாட்டுக்கு இவ்வளவு அழுகையா என்று நான் திகைத்துப்போய் இருந்தேன். தோழி என் கையைப் பிடித்து, பேசாமல் இரு என்பதுபோல அழுத்தினாள்.

இரவு வெகுநேரம் கழித்து, குசினியில் பிளேன்டி ஊற்றித் தந்தபடி உம்மாவே சொன்னார்:

“மகள், நீங்க பயந்து பெய்த்தீங்க போல. இதுக்கு அழுதா ஒருத்தரும் ஏன் எண்டு கேக்க மாட்டாங்க. அதான் அழுற.”

அவருடைய கணவர் 1990 இல் வயலுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. மையித்தும் கிடைக்கவில்லை. கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். ஆனால் இறந்தாரென்று யார் சொன்னது? எந்த நாளிலிருந்து எண்ணுவது? சிலர் இருக்கச் சொன்னார்களாம். சிலர், உயிரோடு இருக்கும் மனிதனுக்கு இத்தா இருப்பதா என்று ஏசினார்களாம். அழுதால் அவரை மௌத்தாக்கி விட்டாள் என்பார்கள். அழாவிட்டால் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்பார்கள். அவர் அழாமலே இருந்துவிட்டார்.

கணவர் விட்டுப்போன ஒரு ரேடியோ வீட்டில் இருந்தது. அதில்தான் அவருக்குக் கிரிக்கெட் பழக்கமானது. 1996 மார்ச் 17 ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை எடுத்தபோது ஊர் கொண்டாடியது. அவர் மட்டும், “அந்த மனிசனுக்கிட்டச் செல்ல ஏலாமப் பெய்த்தே” என்று அழுதாராம். அன்றுதான் அவருக்கு அழ ஓர் இடம் கிடைத்தது.

அதன்பின் அழுவதற்குக் குறைவில்லை. 2007 இல் பார்படோஸில் அவுஸ்திரேலியாவிடம் தோல்வி. எமது நேரப்படி நள்ளிரவு தாண்டி, சுபஹுக்குக் கொஞ்சம் முன்புவரை நடந்த போட்டி அது. 2009 ஜூனில் இருபது ஓவர் இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் தோல்வி. யுத்தம் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதே ஆண்டு மார்ச்சில்தான் லாகூரில் எமது அணியின் பேருந்து மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. “நீங்க எந்தப் பக்கம்?” என்ற கேள்வியை முஸ்லிம் மக்கள் அன்று எத்தனை தரம் கேட்டிருப்பார்கள்! 2011 இல் அதே கேள்வி தமிழராகிய எம்மிடம் வந்தது. 2012 இல் கொழும்பிலேயே மேற்கிந்தியத் தீவுகளிடம் தோல்வி. ஆறு ஆண்டுகளுக்குள் நான்கு இறுதிப் போட்டிகள்.

அன்றிரவு நானும் ஒன்றைச் சொன்னேன். என் அப்பாவும் 1990 இல் வீட்டிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர். நான் அப்போது கைக்குழந்தை. உம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. எங்கள் இரு வீட்டாருக்கும் அதைச் செய்தவர்கள் யார் யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் குசினியில் நாங்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் போய் நின்றிருப்போம். பிறகு அவர் என் தலையைத் தடவி, “விளையாட்டிலயாவது முடிஞ்சி பெய்த்து எண்டு ஒருத்தர் செல்றார் மகள். நமக்கு அப்படிச் செல்ல ஒருத்தரும் இல்லியே” என்றார்.

சகோதரிகளே, பல வருடங்களாக இந்தத் துறையில் வேலை செய்கிறேன். உளவளத்துணைப் பயிற்சிகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். அந்த ஒரு வசனத்தை எந்தப் பயிற்சியும் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லித்தரவில்லை. தோற்ற போட்டிக்கு ஒரு முடிவு இருக்கிறது. அழுது தீர்த்து, மறுநாள் அடுப்பை மூட்டலாம். காணாமற்போனவருக்காகக் காத்திருப்பதில் அந்த முடிவு இல்லை. அதனால்தான் எமது பெண்கள் பெரிய துயரத்தைச் சின்னத் துயரங்களுக்குள் வைத்து அழுகிறார்கள். செத்த கோழிக்கு அழுகிறார்கள், நாடகத்துக்கு அழுகிறார்கள், கிரிக்கெட்டுக்கு அழுகிறார்கள். அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இது எமக்கு மட்டும் உரியதுமல்ல. அமெரிக்காவில் பேஸ்போல் என்றொரு விளையாட்டு உண்டு. சிக்காகோ கப்ஸ் என்ற அணி 1908 இல் வென்றதன் பின் 108 ஆண்டுகள் பட்டம் வெல்லவில்லை. 2016 இல் வென்றபோது ஆதரவாளர்கள் மைதானத்தின் வெளிச்சுவரில் வெண்கட்டியால் பெயர்களை எழுதினார்கள். வெற்றியைப் பார்க்காமல் இறந்துபோன தாய் தந்தையரின், பாட்டன் பாட்டியரின் பெயர்கள் அவை. சுவர் நிறைந்துபோனது. அந்த மக்களும் விளையாட்டுக்குள்ளே தங்கள் வீட்டாரைத்தான் தேடியிருக்கிறார்கள்.

இம்முறை போனபோது உம்மாவுக்கு வயது கூடியிருந்தது. கண் சரியாகத் தெரிவதில்லை, பாய் இழைப்பதை விட்டுவிட்டார். 2014 இல் டாக்காவில் இந்தியாவை வென்று இருபது ஓவர் கிண்ணத்தை எடுத்த கதையைச் சொன்னார். 2023 செப்டம்பரில் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் 50 ஓட்டங்களுக்குள் சுருண்டதைக் கேட்டேன்.

“அதுக்கு அழ எங்க நேரம்? சோறு வேக முன்னம் முடிஞ்சி பெய்த்தே!” என்று சிரித்தார்.

கூட்டம் முடிந்ததும் அவரோடு ஒரு விடயத்தைப் பேசினேன். இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் வழி செய்திருக்கிறது. கணவர் மௌத்து என்று கையெழுத்து வைக்க மனமில்லாத பெண்களுக்கு அது ஓரளவு உதவும். உங்களில் யாருக்காவது தேவையென்றால் பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பாருங்கள். உம்மா உடனே பதில் சொல்லவில்லை. “மகளோட பேசிட்டுச் செல்றன்” என்றார். அவசரமில்லை என்றேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது வயலில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டமிழந்த ஒரு சின்னவன் மட்டையை எறிந்துவிட்டு வரம்பில் குந்தி அழுதான். பெரியவன் ஒருவன் வந்து அவனைத் திட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டான். அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் எதற்காகவோ அழுதால், ஏன் என்று கேட்காமல் நீங்களும் அப்படிப் பக்கத்தில் போய் இருந்து பாருங்கள்.