கல்லாப்பெட்டியின் சாவி

தொலைக்காட்சித் தொடரைப் பற்றியும் எழுத வேண்டுமா என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் இரவுத் தொழுகை முடிந்து சங்கரன்கோவிலில் நம் தெருவழியே நடந்து வந்தால், வீட்டுக்கு வீடு ஒரே குரல் கேட்கிறது. ஒரு தகப்பன் அதட்டுகிறான். மூன்று மகன்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். நம் பெண்டிரும் பிள்ளைகளும் நாள்தோறும் பார்த்துப் பெருமூச்சு விடும் ஒன்றைப் பாராதவர்போல் நாம் நடந்து போவது நேர்மையாகாது. மேலும், அந்தக் காட்சியில் நமக்கு ஒரு சொந்தக் கணக்கும் உண்டு.

நாம் குறிப்பிடுவது ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரின் இரண்டாம் பகுதி. 2023 அக்டோபரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. கடை நடத்தும் பாண்டியனுக்கு மனைவி கோமதி. சரவணன், செந்தில், கதிர் என்று மூன்று மகன்கள். கோமதி என்ற பெயரைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஓர் ஒட்டுதல் வந்துவிடும். தெருவுக்கு நான்கு பேர் அந்தப் பெயரில் இருக்கும் ஊர் இது.

பாண்டியன் கெட்டவனல்லன். உழைத்து உயர்ந்தவன்; பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவன். ஆனால் அவன் சொல்தான் வீட்டின் சட்டம். தானே பெண்வீட்டார் எதிர்ப்பை மீறி மணந்தவன், மகன்கள் மட்டும் தன் விருப்பப்படிதான் மணக்கவேண்டும் என்கிறான். இளையவன் கதிரோ, தாயின் மன்றாட்டுக்காகத் தாய்மாமன் மகளை மணக்கிறான். அவளுடைய மானத்தைக் காக்கவேண்டி உண்மைக் காரணத்தை வெளியே சொல்லாமல், தகப்பனை ஏமாற்றியவன் என்ற பழியைச் சுமக்கிறான். வீட்டில் உண்மை தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை. தகப்பன் மட்டுமே இருட்டில் நிற்கிறான்.

பார்ப்பவர்கள் கதிரை மெச்சுகிறார்கள். ‘எப்பேர்ப்பட்ட பிள்ளை!’ என்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படி மெச்சியவர்தாம். இன்று அது முடியவில்லை. அதற்கான காரணத்தைச் சொல்ல நம் வீட்டுக் கதைக்கு வரவேண்டும்.

நம் வாப்பா ஜவுளி வணிகர். இளமையில் சேலை மூட்டையைத் தலையில் சுமந்து சந்தை சந்தையாக விற்றவர். பிற்காலத்தில் சொந்தக் கடை வைத்து, ஊரிலுள்ள தறிக்காரர்களிடம் பருத்திச் சேலை வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பினார். சனிக்கிழமை தோறும் தறிக்காரர்களுக்குப் பட்டுவாடா. வானம் இடிந்து விழுந்தாலும் அந்தப் பணம் ஒரு நாள் தள்ளிப் போகக்கூடாது. தறி ஓட்டுகிறவன் வீட்டில் அடுப்பெரிவது அந்தப் பணத்தில்தான் என்று அவர் அடிக்கடி சொல்வார். கல்லாப்பெட்டியின் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். கடையில் அவருக்கு எதிரே நாங்கள் மூவரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. உம்மாகூட எதையும் கேட்பதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

மூத்தவர் காக்கா. வாப்பா தொழுகைக்குப் போகும் வேளைகளில் சாவியை வாங்கிக்கொள்ளும் தகுதி அவர் ஒருவருக்கே இருந்தது. நடுவில் நாம். கடைசியில் தம்பி.

1986ஆம் ஆண்டு. அரபு நாட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தம்பிக்கும் அந்த ஆசை பிடித்தது. வாப்பாவிடம் கேட்டான். ‘கடையை விட்டு எவனும் எங்கேயும் போகக்கூடாது’ என்ற ஒரே சொல்லோடு பேச்சு முடிந்தது. மறுமுறை கேட்கும் துணிவு அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. விசா வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவனை நம்பி, பட்டுவாடாவுக்கு வைத்திருந்த பணத்தில் சிறுகச் சிறுக மூவாயிரம் ரூபாயை எடுத்துத் தம்பி கொடுத்துவிட்டான். வாங்கியவன் ஊரைவிட்டே மறைந்தான். ஒருமுறை தம்பி பெட்டியில் கைவைத்ததை நாம் கண்ணால் கண்டோம். கண்டும் பேசாதிருந்தோம்.

ஒரு வெள்ளி இரவு வாப்பா நாள்வழியையும் இருப்பையும் ஒத்துப் பார்த்தார். மூவாயிரம் குறைந்தது. மூவரையும் வரிசையாக நிறுத்தி, ‘யார்?’ என்றார். தம்பியின் கால்கள் நடுங்குவது பக்கத்தில் நின்ற நமக்குத் தெரிந்தது. காக்கா ஓரடி முன்னால் வந்து, ‘நான்தான் வாப்பா எடுத்தேன்’ என்றார்.

ஏன் எடுத்தாய் என்று வாப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் காக்காவால் பொய்யை நிறுத்தியிருக்க முடியாது. மறுநாளே அவரை மதுரையில் ஒரு மொத்தக் கடைக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார். எட்டு ஆண்டுகள் காக்காவோடு அவர் பேசவில்லை. பெருநாளைக்கு வந்து சலாம் சொன்னால் பதில் சலாம் வரும். அதற்குமேல் ஒரு சொல் வராது. பேருந்து நிலையத்தில் வழியனுப்பப் போன நம்மிடம் காக்கா ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டார். ‘தம்பி சின்னவன். அடி தாங்கமாட்டான், எங்காவது ஓடிப்போவான். நீ வாயைத் திறக்கக்கூடாது’ என்றார். நாமும் திறக்கவில்லை. அதைச் சகோதர விசுவாசம் என்று எண்ணி உள்ளூரப் பெருமைப்பட்டோம்.

வாப்பா அதன்பின் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. தொழப் போகும்போது கடையைப் பூட்டிவிட்டே போவார். திருட்டு அவரை அவ்வளவாக வருத்தவில்லை. நம்பிய ஒருவன் திருடினான் என்பதே அவரை உள்ளிருந்து அரித்தது. இது நமக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் சத்தியத்தைக் காத்தோம். ஒரு சகோதரனுக்கு உண்மையாக இருப்பதற்காக ஒரு தகப்பனுக்குப் பொய்யராக இருந்தோம்.

1994 ஜனவரியில் வாப்பா படுக்கையில் விழுந்தார். சாவி தலையணைக்கு அடியில் இருந்தது. ஓரிரவு நம்மை அருகே அழைத்து, ‘பெரியவன் வந்தானா?’ என்று கேட்டார். ‘நாளைக்கு வருவாங்க வாப்பா’ என்றோம். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, ‘அவனுக்கு நான் என்ன குறை வச்சேன்?’ என்றார். உண்மை நம் நாக்கின் நுனிவரை வந்தது. காக்கா வந்துவிடட்டும், அவர் எதிரிலேயே சொல்லிவிடலாம் என்று விழுங்கினோம். சுபுஹு பாங்குக்கு முன்பே வாப்பா மௌத்தாகிவிட்டார். காக்கா வந்து ஜனாஸாவைக் குளிப்பாட்டினார்.

தொடரைக் கண்டு நாம் மெச்சமுடியாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

தொடர் என்பது ஒரு வணிகம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாமும் வணிகர் வீட்டுப் பிள்ளைதான். ஒளித்துவைத்த உண்மையே அந்த வணிகத்தின் முதல். கதிர் முதல் நாளே தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் மறுநாள் காட்ட என்ன இருக்கிறது? ஆகவே உண்மை நூற்றுக்கணக்கான நாட்கள் வாசலிலேயே நிறுத்திவைக்கப்படுகிறது. பார்க்கும் நம் பிள்ளைகளோ, சொல்லாமல் சுமப்பதே பாசம் என்றும் காலம் எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருக்கும் என்றும் படித்துக்கொள்கிறார்கள்.

காலம் காத்திருப்பதில்லை என்பதற்கு அந்தத் தொலைக்காட்சி உலகிலேயே சான்று உண்டு. சன் தொலைக்காட்சியில் 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ தொடரை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அங்கே தகப்பன் இடத்தில் மூத்த அண்ணன் ஆதி குணசேகரன். அவன் குரலுக்கு அடங்கித் தம்பிமார் மூவர். அந்த வேடத்தை ஏற்று வீடுதோறும் பேசப்பட்ட நடிகர் மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று அத்தொடருக்குக் குரல் கொடுக்கும் வேலையில் இருந்தபோது மாரடைப்பு கண்டு காலமானார். சில வாரங்களில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார், கதை தொடர்ந்தது. தொடரில் அது முடிகிறது. நம் வீட்டில் வாப்பாவின் இடத்துக்கு யாரை அழைத்துவருவது? யாரிடம் போய் அந்த மூவாயிரம் ரூபாயின் கணக்கைச் சொல்வது?

நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறும் சகோதரரும் தகப்பனாரும் பற்றியதுதானே? திருமறையின் பன்னிரண்டாம் அத்தியாயம் அவர் பெயராலேயே அமைந்தது. அங்கேயும் சகோதரர்கள் ஒன்றுசேர்ந்து தகப்பனாரிடம் ஓர் உண்மையை மறைத்தார்கள். இரத்தம் தோய்ந்த சட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அழுதழுது நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்ணொளி போயிற்று. நம் வீட்டில் மறைத்தது இரக்கத்தால், அங்கே பொறாமையால் என்ற வேறுபாடு பெரிதுதான். ஆனால் மறைத்ததால் தகப்பனார் பட்ட துயரம் ஒன்றே. அந்த வரலாற்றில் நமக்கு ஆறுதலாவது எது? தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே உண்மை வெளிவந்தது. பிள்ளைகள் பிழையை ஒப்புக்கொண்டார்கள். தகப்பனாரும் அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்கள். அந்த வாய்ப்பு நமக்கு இருந்தது. நாம்தான் அதை ஓரிரவு தள்ளிவைத்தோம்.

வாப்பாமேல் குற்றமில்லையா என்றால், உண்டு. பிள்ளைகள் உண்மை சொல்ல அஞ்சும் வீட்டைக் கட்டியவர் அவரே. அவருடைய கண்டிப்பு தறிக்காரன் கூலியைக் காத்தது. சொந்த மகன் நாவை அடைத்தது. கட்டுப்பாடு வேறு, அச்சம் வேறு. கட்டுப்பாடுள்ள வீட்டில் பிள்ளை தவறு செய்தால் தகப்பனிடம் வருகிறான். அச்சமுள்ள வீட்டில் தகப்பனைத் தவிர மற்ற எல்லாரிடமும் போகிறான்.

சென்ற மாதம் ஒரு நாள் காக்கா வீட்டில் இரவுச் சாப்பாடு. வாப்பாவின் கடையை இன்று நடத்துபவர் காக்காதான். அவருக்கு இரண்டு ஆண்மக்கள். இருவரும் கடையில் நிற்கிறார்கள். கல்லாவின் சாவி காக்காவின் இடுப்பில் தொங்குகிறது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முதற்பகுதியில் தம்பிமார்களைத் தாங்கும் பொறுமைசாலி அண்ணனாக வந்த ஸ்டாலின் முத்துதான் இரண்டாம் பகுதியில் அதட்டும் தகப்பன் பாண்டியனாக வருகிறார். எதையும் பொறுத்துப்போன அதே முகம் பின்னாளில் எவரையும் பொறுக்காத முகமாகிறது. இதை நடிப்பின் திறமை என்று மட்டுமே நினைத்திருந்தோம். அன்று காக்காவைப் பார்த்தபோது, நம் வீட்டிலும் அதுவே நடந்திருப்பது புரிந்தது.

தொலைக்காட்சியில் கதிர் வழக்கம்போல் ஏச்சு வாங்கிக்கொண்டு நின்றான். காக்கா சலித்துக்கொண்டு, ‘இந்தப் பய வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்னவாம்?’ என்றார்.

‘நீங்க சொன்னீங்களா, காக்கா?’ என்று கேட்டுவிட்டோம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வராத கேள்வி எப்படியோ வந்துவிட்டது.

அவர் பெட்டியை அணைக்கச் சொன்னார். வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மகன்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், ‘என்னால முடியாது. நீயே இவங்ககிட்டச் சொல்லு’ என்றார். சத்தியத்தை அவரே அவிழ்த்துவிட்டார். வெள்ளி இரவு முதல் வாப்பாவின் கடைசிக் கேள்வி வரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னோம். வெளிநாட்டில் சம்பாதித்து வீடு கட்டிய பின்னும் தம்பி ஏன் அந்தக் கடைப்படி ஏறுவதில்லை என்பதும் பிள்ளைகளுக்கு அன்றுதான் விளங்கியது.

காக்காவின் மூத்த மகன் ஒன்று மட்டும் கேட்டான்.

‘கடைசி வரைக்கும் அவுகளுக்குத் தெரியவே தெரியாதா, சாச்சா?’

‘தெரியாது’ என்றோம். அதற்கு வேறு பதில் நம்மிடம் இல்லை.