மூன்றடி வீரம்

வெளியூரில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில், குழந்தைகளின் ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறிய பிரச்சினைதான். சொந்த ஊராயிருந்தால் அத்தை வீடு, மாமா வீடு, கோயில், குளம் என்று பொழுது போய்விடும். இங்கே அண்டை வீட்டார் யாவரும் நல்லவர்களே. ஆயினும் அவரவர்க்கு அவரவர் உறவினர் உண்டு. ஆகவே நம் குழந்தைகள் தமக்கென்று ஒரு கூட்டத்தைத் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. புனேயில் நாம் வசிக்கும் குடியிருப்பில் அவ்விதம் சேர்ந்த ஒரு கூட்டத்தைப் பற்றியும், அதில் நம் இளைய மகள் விரும்பி ஏற்ற ஒரு பதவியைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அக்கூட்டத்தார் ஆடும் ஆட்டத்திற்கு டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் இயற்றி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். அவரைச் சூத்திரதாரி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். "குகை வாயிலில் ஒரு அரக்கன் நிற்கிறான், என்ன செய்வீர்கள்?" என்று சூத்திரதாரி கேட்பார். அவரவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்ல வேண்டும். அது பலிக்குமா, பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும்.

பகடை என்றதும் நம் தாயாருக்கு முகம் மாறிவிட்டது. "ஏனப்பா, தருமபுத்திரர் பட்டது போதாதா? குழந்தைகள் கையில் இதைக் கொடுக்கலாமா?" என்றார். இதில் பணயம் இல்லை, தோற்றால் இழப்பதற்கு நாடும் இல்லை, நம் வீட்டுத் தாயக்கட்டையின் தூரத்து உறவுதான் என்று விளக்கினோம். அவ்வளவில் சமாதானமாகி, பாய் விரித்து ஓரமாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். பிறகு ஒரு ஞாயிறு கூடத் தவறவில்லை.

கூட்டத்தில் நான்கு பேர். மராட்டியப் பையன் வைத்தியம் தெரிந்த பூசாரி. வங்காளிப் பெண் மந்திரவாதி. மலையாளிப் பையன் வில்லாளி. முன்னணியில் நின்று அடி வாங்கும் போர்வீரனாக ஒடியாப் பையன் ஒருவன் இருந்தான். நம் மகள் அப்போது பார்வையாளர்தான்; இடம் காலியாகட்டும் என்று ஓராண்டு காத்திருந்தாள். சென்ற ஆண்டு அந்தப் பையனின் தந்தைக்குப் புவனேசுவரத்திற்கு மாற்றல் வந்தது. மாற்றல் என்பது நம்போன்ற குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. ஆனால் அவனோடு கூட்டத்தின் கேடயமும் போய்விட்டது. முன்னணி இல்லாவிட்டால் மந்திரவாதியும் வில்லாளியும் இரண்டு நாழிகை கூடப் பிழைக்க மாட்டார்கள். ஆட்டத்தையே கலைத்துவிடலாமா என்று பேச்சு எழுந்தது.

"அந்த இடத்துக்கு நான் வருகிறேன்" என்றாள் நம் மகள். யாவரும் மகிழ்ந்தனர். "ஆனால் என் பாத்திரம் ஹாஃப்லிங்" என்றாள். மகிழ்ச்சி நின்றுவிட்டது.

ஹாஃப்லிங் என்பது அந்த ஆட்டத்தில் வரும் ஒரு குள்ள இனம். சராசரி உயரம் மூன்றடி. எடை நாற்பது பவுண்டு. ஒளிந்து திரியவும், பூட்டைத் திறக்கவும், கவண் எறியவும் ஏற்றவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். கோடரி ஏந்தி அரக்கன்முன் நிற்பதற்கு இவர்களை எவரும் தேடிப் போவதில்லை. "நீ விழுந்தால் நாங்கள் எல்லோரும் விழுவோம்" என்று மந்திரவாதிப் பெண் வெளிப்படையாகவே சொன்னாள். இரண்டு ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த பாத்திரங்கள் அவர்களுடையவை. அவள் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஒரே ஒரு ஞாயிறு பரீட்சை பார்க்கலாம், தேறாவிட்டால் வேறு பாத்திரம் எடுக்க வேண்டும் என்று சூத்திரதாரி தீர்ப்புச் சொன்னார்.

நம் மகளுக்கு வயது பதின்மூன்று. வகுப்பில் அவளே குட்டை. பள்ளியில் கபடி ஆடச் சென்றபோது, உயரம் போதாது என்று எண்ணிக்கை எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றி அவள் வீட்டில் முறையிட்டதில்லை. "குள்ளமாகப் பிறந்தால் ஒளிந்துதான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது, அப்பா?" என்று மட்டும் அன்று இரவு கேட்டாள். கேட்ட கேள்விக்கு விடை தேட, தந்தையும் மகளும் விதிப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

யார் சொன்னது என்று பார்த்தால், வரலாறு விசித்திரமாக இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு விதிகளில் இவ்வினத்திற்கு ஹாபிட் என்றே பெயர். டோல்கீன் 1937-இல் வெளியிட்ட கதையிலிருந்து வந்த சொல். அந்நூலின் உரிமையாளர் ஆட்சேபித்ததால் பின்னர் ஹாஃப்லிங் ஆயிற்று. அம்முதல் விதிகளில் ஹாபிட் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம். திருடன் என்ற பேச்சே இல்லை! ஆனால் நான்காம் படிக்குமேல் ஏற முடியாது. பிற்பாடு 1978-ஆம் ஆண்டு விதிகள் திருட்டுத் தொழிலில் மட்டும் எல்லையில்லாமல் ஏறலாம் என்றன. டோல்கீன் கதையின் ஹாபிட்டையும் திருட்டு வேலைக்குத்தானே அழைத்துப் போகிறார்கள்! 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு படி எல்லையை நீக்கிற்று. ஆனால் வலிமையில் இரண்டைக் குறைத்தது. நம் குழந்தைகள் கையாளும் 2014-ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பில் அக்குறைப்பும் இல்லை. எஞ்சியிருப்பது ஒரே தடை: மிகக் கனமான ஆயுதங்களைச் சிறிய உடலினர் ஏந்தினால் பகடையை இருமுறை உருட்டித் தாழ்ந்த எண்ணைக் கொள்ள வேண்டும். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதுவும் உடலளவை விட்டு வலிமை எண்ணைப் பொறுத்ததாகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் விதி தானாகவே குள்ளனுக்கு வழிவிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வழக்கம்தான் பின்தங்கி நிற்கிறது.

இனிக் கணக்கு. கூட்டம் நான்காம் படியில் இருந்ததால் புதுப் பாத்திரமும் அப்படியிலேயே தொடங்கலாம். மகள் பார்பேரியன் என்னும் தொழிலைத் தேர்ந்தாள். கவசம் அணியாமல், ஆவேசம் கொண்டு போரிடுபவர்கள் இவர்கள். "அருள் வந்தாற் போலவா?" என்று தாயார் கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான்.

ஆட்டத்தில் பங்கிட்டுக்கொள்ளக் கொடுக்கும் எண்களில் 15-ஐ வலிமைக்கும், 14-ஐ உடலுறுதிக்கும், 13-ஐச் சுறுசுறுப்புக்கும் வைத்தாள். ஹாஃப்லிங்குக்கு இயற்கையாகச் சுறுசுறுப்பில் இரண்டு கூடும். அவ்வினத்தில் கட்டுறுதியுள்ள பிரிவினர்க்கு உடலுறுதியில் ஒன்று கூடும். ஆக மூன்றும் 15. விதிப்படி 15-க்கும் 14-க்கும் பயன் ஒன்றே. 16 ஆனால்தான் ஒரு படி உயரும். நான்காம் படியில் கிடைக்கும் இரண்டு புள்ளிகளைச் சுறுசுறுப்புக்கு ஒன்றும் உடலுறுதிக்கு ஒன்றுமாகப் போட்டாள். இரண்டும் ஒரே வீச்சில் 16 ஆயின. கவசமில்லாமலே தற்காப்பு எண் 16. கேடயம் பிடித்தால் 18. உயிர்ப்புள்ளி 45.

நட்டத்தையும் மறைக்காமல் எழுதினோம். போன பையனின் வீரனுக்கு வலிமை 18. நம் வீராங்கனைக்கு 15. இருபது முகப் பகடையில் அவளுக்கு இரண்டு எண் குறைவு. அவன் சுழற்றிய பெருங்கோடரி சராசரி ஆறரைப் புள்ளி சேதம் செய்யும்; இவள் இரு கையாலும் பிடிக்கும் போர்க்கோடரி ஐந்தரை. வலிமையின் பங்கையும் சேர்த்தால் அடிக்கு அடி மூன்று புள்ளி நட்டம். இது மெய்.

வரவு என்ன? பகடையில் 1 விழுந்தால் ஹாஃப்லிங் மட்டும் மறுபடி உருட்டலாம். அச்சமூட்டும் மாயங்களையும் நஞ்சையும் மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கலாம். தன்னைவிடப் பெரிய எந்த எதிரியின் கால்களுக்கிடையிலும் புகுந்து போகலாம். ஆவேசத்தின்போது ஆயுத அடி பாதியாகக் குறையும். ஓகர் என்னும் அரக்கனின் தடியடி சராசரி 13. ஆவேசமின்றி நின்றால் நான்காம் அடியில் வீழ்வாள். ஆவேசத்தோடு நின்றால் ஏழு அடி தாங்கி எட்டாவதில்தான் வீழ்வாள். முன்னணிக்கு வேண்டியது இதுவே என்று இருவரும் முடிவு செய்தோம்.

பெயர் வைக்கும் பொறுப்பு பாட்டிக்கு. "மூன்றடி மண் கேட்டு வந்தவன் என்ன செய்தான் என்று அவர்களுக்குத் தெரியாதோ?" என்று சொல்லிவிட்டு, "கடுகு" என்று பெயரிட்டார். கடுகு சிறுத்தாலும் காரம் போகாதல்லவா? மராட்டியப் பையனுக்குப் பொருள் சொன்னதும், "ஓ, மோஹரி!" என்று சிரித்தான்.

பரீட்சை ஞாயிறு வந்தது. குறுகிய குகை வழி. மந்திரவாதி ஆர்வத்தில் முன்னே போய், உள்ளறையின் சுவர் மூலையில் சிக்கிக்கொண்டாள். அவளுக்கும் தோழர்களுக்கும் இடையே வழியை அடைத்துக்கொண்டு ஒரு ஓகர். அவளிடம் எஞ்சிய உயிர்ப்புள்ளி ஆறு. ஆளுயர வீரனாயிருந்தால், அரக்கனைக் கொன்ற பிறகே அப்பால் போக முடியும். அதுவரை மந்திரவாதி இருக்க மாட்டாள்.

"நான் அதன் காலுக்கடியில் புகுகிறேன்" என்றாள் மகள். சூத்திரதாரி கட்டங்களை எண்ணினார். பிறர் நிற்கும் இடத்தைக் கடக்க இருமடங்கு நடை செலவாகும். ஓகரின் இடம் பத்தடி, ஆகவே இருபது. வெளியே வர ஐந்து. ஹாஃப்லிங்கின் நடை, மனிதரைவிடக் குறைந்த இருபத்தைந்து அடி. ஓர் அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கடுகு மறுபுறம் எழுந்து, மந்திரவாதிக்கு முன்னால் கேடயத்தைப் பிடித்து நின்றாள். "வாடா பார்க்கலாம்!" என்று மகள் தமிழிலேயே முழங்கினாள். கோடரியை வீசப் பகடை உருட்டினாள், 1 விழுந்தது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹாஃப்லிங் மறுபடி உருட்டலாம் என்பதை மலையாளிப் பையன்தான் நினைவுபடுத்தினான். இரண்டாம் முறை 15. உள்ளறையிலிருந்து இன்னொரு ஓகரும் வந்து சேர்ந்தது. ஐந்து அடி அவள்மேல் விழுந்தது. மூலையிலிருந்தவள்மேல் ஒன்றும் விழவில்லை. அப்பாலிருந்து அம்பும், இப்பாலிருந்து மந்திரமும், நடுவில் கோடரியுமாக இரண்டு அரக்கர்களும் சாய்ந்தபோது கடுகுக்கு எஞ்சியது 12 புள்ளி.

சூத்திரதாரி பாராட்டுரை ஒன்றும் நிகழ்த்தவில்லை. தம் நோட்டுப் புத்தகத்தில் முன்னணி வரிசையில் பென்சிலால் எழுதியிருந்த பெயரைப் பேனாவால் எழுதினார். மந்திரவாதிப் பெண், "அடுத்த வாரம் நான் உனக்குப் பின்னால்தான் நிற்பேன்" என்றாள். நம் மகளுக்கு அது போதுமானதாயிருந்தது.

குள்ளன் நெட்டையனுக்கு நிகரானவன் என்று இதிலிருந்து நாம் வாதிக்க வரவில்லை. மூன்று புள்ளி நட்டம் நட்டமே. நெட்டையன் நிற்கும் இடத்தில் நின்று அவன் அடிக்கும் அடியை அடிக்க முயன்றால் தோல்விதான். அவனால் போக முடியாத இடத்திற்குப் போய் நிற்பதே இவள் கற்ற வித்தை. வேற்றூரில், வேற்று மொழியினர் நடுவில் பிழைக்க வந்து காலூன்றிய நம் குடும்பங்களுக்கு இக்கணக்கை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

விருப்பமுள்ள வீட்டார் முயன்று பார்க்கலாம். செலவு சொற்பம்: நான்கு முகத்திலிருந்து இருபது முகம்வரையுள்ள ஏழு பகடைகள், பென்சில், தாள். விதிகளின் அடிப்படைப் பகுதியை 2023-ஆம் ஆண்டில் எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை. கதையைத் தமிழிலேயே நடத்தலாம், பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பாத்திரம் என்பது ஒரே ஒரு தாள். மாற்றல் உத்தரவு வரும்போது, லாரியில் ஏற்ற முடியாத எத்தனையோ பொருளை விட்டுவிட்டுப் போகிறோம்; இத்தாளைக் குழந்தை தன் பையில் மடித்து வைத்துக்கொள்ளும். போய்ச் சேரும் ஊரில் எவரேனும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தால், அதை எடுத்துக் காட்டி இடம் கேட்கலாம்.