ஐந்து மணி முதல் ஏழு மணி வரை

"கடைசியா எப்போ அவசரமில்லாம டாய்லெட் போனீங்க?"

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு மாடியறையில், என் வயதையொத்த அந்த அக்குபங்சர் சிகிச்சையாளர் கேட்டார். ஊசிக்குப் பயந்து போன எனக்கு முதலில் குத்தியது இந்தக் கேள்விதான். யோசித்துப் பார்த்தேன். பதில் தெரியவில்லை.

நான்கு வருடமாக வயிறு படுத்திக்கொண்டிருந்தது. சாப்பிட்டால் உப்புசம். மூன்று நாள் மலச்சிக்கல், நான்காம் நாள் ரயிலில் ஏறியதும் முறுக்கும். எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். "ஐபிஎஸ், டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று மாத்திரை எழுதினார் டாக்டர். வீட்டிலோ "கண்டதையும் தின்னாதே" என்றார்கள். முந்தின நாள் சாம்பாரை வேறு யார் தின்பது?

லேடீஸ் கம்பார்ட்மென்ட் தோழி சொல்லித்தான் இங்கே வந்தேன். சிகிச்சையாளர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு சீன மருத்துவத்தில் உறுப்புகளுக்கு ஒரு கடிகாரம் உண்டு என்று விளக்கினார். காலை 5 முதல் 7 வரை பெருங்குடலின் நேரம். 7 முதல் 9 வரை இரைப்பையின் நேரம்.

சிரித்துவிட்டேன். 5 முதல் 7 வரை நான் அடுப்படியில் இருப்பேன். எங்கள் வீட்டில் ஒரே கழிவறை. மாமனார், கணவர், மகன் என்று வரிசை. என் முறை வரும்போது குக்கர் விசிலடிக்கும். 7 முதல் 9 வரை தாம்பரம் - பீச் ரயில். பாரிமுனையில் நான் வேலை செய்யும் மொத்த வியாபாரக் கடையில் மூன்று மாடிக்கும் சேர்த்து ஒரே கழிவறை, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டேன். அடக்கப் பழகிவிட்டேன். அடக்கமான பெண் என்று பெயரெடுப்பது இப்படியும்தான்.

என் கண் முன்னே புதுப் பாக்கெட்டைப் பிரித்து ஊசியை எடுத்தார். முடியைவிடச் சற்றுத்தான் கனம். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளவு தள்ளி, எலும்பின் வெளிப்பக்கம் ஒன்று. மணிக்கட்டின் உட்புறம் ஒன்று. எறும்பு கடித்தது போல இருந்தது, பிறகு ஒரு மந்தமான கனம். கால் புள்ளியின் பெயர் ஜூசான்லி, 'காலின் மூன்று லி' என்று அர்த்தமாம். லி என்பது சீனர்களின் தூர அளவு, சுமார் அரை கிலோமீட்டர். களைத்துப்போனவரும் இந்தப் புள்ளியைத் தூண்டினால் இன்னும் மூன்று லி நடப்பார் என்று ஒரு கதை உண்டாம். "நடக்கவெல்லாம் வேண்டாங்க, கொஞ்சம் படுத்தாப் போதும்" என்றேன்.

"அரை மணி நேரம் அசையக் கூடாது" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

பகலில் அரை மணி நேரம் நான் படுத்திருந்தது, பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் எழ முடியாது, ஊசி குத்தியிருக்கிறது! என்னை அறியாமல் கண்ணீர் வந்தது. வயிறு சத்தம் போட்டு இளகியது.

திரும்பும் வழியில் சானடோரியம் நினைவுக்கு வந்தது. தினமும் கடக்கும் ஸ்டேஷன். 1928இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியபோது அந்த நோயைக் குணமாக்கும் மருந்து கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் வைத்தியம். ஓய்வு ஒரு மருத்துவச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால்தான் பெண்ணுக்குக் கிடைக்கும் போலிருக்கிறது.

ஆறு வாரம் போனேன். வலி பாதியாகக் குறைந்தது. ஊசிதான் காரணமா? 2012இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, ஐபிஎஸ் தொல்லைக்கு உண்மையான அக்குபங்சரையும் பெயரளவுக்குச் செய்யும் போலி அக்குபங்சரையும் ஒப்பிட்ட பரிசோதனைகளில், உண்மையான ஊசி கூடுதல் பலன் தந்ததாகத் தெரியவில்லை என்கிறது. எனக்கு அதில் ஏமாற்றமில்லை. ஒருத்தி என் வயிற்றைப் பற்றி முக்கால் மணி நேரம் கேட்டாள், அரை மணி நேரம் படுக்கவைத்தாள். அதுவும் என்னிடம் வேலை செய்திருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவுமில்லை. "மலத்துல ரத்தம் போனாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ இங்க வராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். எல்லா நோயையும் தொட்டே குணப்படுத்துவேன், மாத்திரையைத் தூக்கிப் போடு என்பவர்களும் இருக்கும் ஊரில், இந்த நேர்மை பெரிது.

ஏழாவது வாரம் வீட்டில் சொன்னேன். "அஞ்சரையிலேருந்து ஆறு வரைக்கும் பாத்ரூம் எனக்கு." மாமனார் தினத்தந்தியிலிருந்து தலையை உயர்த்தினார். "உடம்புக்கு என்ன?" என்றார் கணவர். "உடம்புக்குத்தான்" என்றேன். குக்கரை இப்போது அவர் இறக்குகிறார், முணுமுணுத்துக்கொண்டே. கடையில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து முதலாளியிடம் போனோம். தாழ்ப்பாள் வந்துவிட்டது. பெண்களுக்கென்று தனிக் கழிவறை இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

வயிறு சில நாள் இன்னும் முறுக்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய சாம்பாரை இப்போது நான் தின்பதில்லை. தண்ணீர் குடிக்கிறேன்.